ஆறு பின் வயரும் நான் வைத்த குங்குமமும்

அருள்,

கிளமெண்டியில் மேடம் லிம்மின் அலுவலகத்தில், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, நம் கடை அவருக்குச் செய்துகொடுத்த கம்ப்யூட்டர் எரிந்ததற்கு நான் வைத்த குங்குமம்தான் காரணம் என்று சொன்னாய். அது உண்மையில்லை. நீ கழற்றிய ஒரு வயர்தான் காரணம். ஆங்கிலத்தில் சொன்னால் எனக்குப் புரியாது என்று நினைத்தாயோ, புரிந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாயோ, தெரியவில்லை. துவாஸ் ஷிப்யார்டில் அத்தனை வருடம் ஆங்கிலத்தில் திட்டு வாங்கியவனுக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். "அப்பா பழைய காலத்து ஆளு மேடம், சாமி பவுடர் வெச்சுட்டாரு, அது உள்ள போயி ஷார்ட் ஆயிடுச்சு, இனிமே இப்படி நடக்காது." நீ சொன்னதன் தமிழ் இதுதான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஒரு வயதானவரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அது.

அன்றைக்கே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், உன் மாமனார், உன் அக்கா, ஈப்போவில் இருக்கும் என் தம்பி எல்லாரும் பார்க்கும்படி, இனிமேல் கடையில் எந்த மெஷினுக்கும் பூஜை கிடையாது என்று எழுதினாய். கீழே ஐந்தாறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். மறுநாள் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, "நீங்க கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்கப்பா" என்றாய். ரெஸ்ட் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஷிப்யார்டிலும் அதே சொல்லைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். நீ எல்லார் முன்னாலும் சொன்னாய், நானும் எல்லார் முன்னாலும் பதில் சொல்கிறேன். அதனால் இந்தக் கடிதத்தை அதே குழுவில் போடுகிறேன். நீளமாக இருக்கிறது என்று உன் அக்கா முணுமுணுப்பாள். மெதுவாகப் படிக்கட்டும்.

மானம் போய்விட்டது என்பதற்காக மட்டும் எழுதவில்லை. மானத்துக்காக என்றால் இன்னும் ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், அது எனக்குப் பழக்கம்தான். வரும் திங்கட்கிழமை அதே மேடம் லிம்முக்கு, எரிந்ததற்குப் பதிலாக ஒன்றும் புதிதாக ஐந்தும், ஆக ஆறு கம்ப்யூட்டர் போகிறது. வெள்ளிக்கிழமை நீ மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது ஃபேரர் பார்க் கடைக்கு வந்து, ஆறையும் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாவி என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஆறிலும் அந்த வயர் இல்லை. முதல் கம்ப்யூட்டர் எரிந்த பிறகும் மேடம் லிம் ஆர்டரை ரத்து செய்யவில்லை. ஏன் தெரியுமா? காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நீ சொன்னதை அவர் நம்பினார். உன் பொய்யை நம்பித்தான் ஆறு நெருப்புப் பெட்டியை வாங்கிக்கொள்ளப் போகிறார்.

மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ பொறுத்துக்கொள். இனிமேல் கட்டப்போகும் கட்டடத்தைக் கட்டி முடித்ததுபோல் வீடியோவாக்கிக் காட்டுவது மேடம் லிம்மின் தொழில். அதற்காக ஒரே கம்ப்யூட்டரில் நான்கு கிராஃபிக்ஸ் கார்டுகளைப் போட்டுக் கொடுக்கிறோம். ஒவ்வொரு கார்டும் இரண்டு வழியில் மின்சாரம் எடுக்கும். பெரும்பகுதி பவர் சப்ளையிலிருந்து நேராகக் கார்டின் தலையில் செருகும் வயர் வழியாக வரும். மீதி, கார்டு உட்கார்ந்திருக்கும் ஸ்லாட் வழியாக மதர்போர்டிலிருந்து வரும். ஒரு ஸ்லாட்டுக்கு எழுபத்தைந்து வாட் வரை. மதர்போர்டுக்கு அது எங்கிருந்து வருகிறது? இருபத்துநான்கு பின், அதாவது உலோக ஊசி, உள்ள பெரிய செருகியிலிருந்து. இருபத்துநான்கு என்றதும் தாராளமாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஸ்லாட்டுக்குத் தேவையான பன்னிரண்டு வோல்ட்டைக் கொண்டுவருபவை அதில் இரண்டே இரண்டு மஞ்சள் வயர்கள். ஒரு கார்டு என்றால் இரண்டும் தாங்கும். நான்கு கார்டும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் இருபது ஆம்பியர்வரை அந்த இரண்டு பின்னில் போகும். நாள் முழுக்கப் போனால் தாங்காது. அது தெரிந்துதான் போர்டு செய்தவர்கள், ஸ்லாட்டுகளுக்குக் கீழே ஓரமாக, ஆறு பின் உள்ள இன்னொரு சாக்கெட்டை வைத்திருக்கிறார்கள். பவர் சப்ளையிலிருந்து ஒரு தனி வயரை அதில் செருகினால் பாரம் பிரிந்துவிடும். தைப்பூசத்தன்று கோயிலில் இரண்டாவது வாசலைத் திறந்துவிடுவது போலத்தான். இவ்வளவுதான் விஷயம்.

முதல் கம்ப்யூட்டரைச் சேர்த்தபோது அந்த வயரை நான்தான் செருகினேன். போர்டுடன் வந்த புத்தகத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு போட்டால் இதை இணைக்கவும் என்று போட்டிருந்த வரியைப் பென்சிலால் கோடிட்டு உன் மேசையில் வைத்தேன். நீ அதன் மேல் காப்பி டம்ளரை வைத்தாய்.

"அது ஆப்ஷனல்ப்பா. இல்லாமலே பூட் ஆகுது, பாருங்க."

"பூட் ஆகும்டா. ஆகாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? நாலு கார்டும் சேர்ந்து இழுக்கும்போது பாரு."

"ஒரு மணி நேரம் டெஸ்ட் போட்டாச்சு. ஓகே லா."

"ஒரு மணி நேரம் சண்டை போடாம உக்காந்திருந்தா அது நல்ல குடும்பமாடா?"

உன் மனைவி மீனா சிரித்துவிட்டாள். உனக்கு அது பிடிக்கவில்லை. "அப்பா, நீங்க வயர்மேன். இது எலக்ட்ரானிக்ஸ்" என்றாய். ஆமாம், வயர்மேன்தான். சான்றிதழ்கூட இல்லாத வயர்மேன். கேபிள் இழுக்கிற ஆளாகச் சேர்ந்து, மற்றவர்கள் தூக்கிப் போட்ட புத்தகங்களைப் படித்துப் படித்து, அரைகுறை ஆங்கிலத்தோடு கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வீசி எறிந்திருந்த பழைய பெட்டிகளைத் தூக்கிவந்து நான் பிரித்துப் போட்டதைப் பார்த்துத்தான் உனக்கு இந்த ஆசையே வந்தது. நீ டிப்ளோமா வாங்கியது எனக்குச் சந்தோஷம். ஆனால் டிப்ளோமா இருக்கிறது என்பதற்காக ஒரு பின் கூடுதலாக இரண்டு ஆம்பியர் தாங்கிவிடாது.

இந்த வயர் விஷயத்தில் நான் ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ கிண்டர்கார்டன் போய்க்கொண்டிருந்த நேரம். நம் பழைய வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டைப் போட்டு, ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் நான்தான் மாட்டிவைத்தேன். மாதக்கணக்கில் ஓடியது. ஒரு நாள் உன் அம்மா, "ஏங்க, மீன் வாடை மாதிரி ஒன்னு வருது, வீட்ல மீனே இல்ல" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நான் எலக்ட்ரிக் வேல பாக்குறவன், எனக்குத் தெரியாதா?" என்றேன். மூன்றாம் நாள் அந்த பிளக் சுவரோடு சேர்ந்து உருகிவிட்டது. உன் அம்மா மெயின் சுவிட்சை அணைத்தாள். நான் அப்போது வீட்டிலேயே இல்லை. சூடான பிளாஸ்டிக் எரிவதற்குமுன் மீன் வாடை அடிக்கும் என்பதைப் புத்தகத்தில் நான் படிக்கவில்லை. உன் அம்மா சொல்லியும் கேட்காமல் தெரிந்துகொண்டேன். தெரியும் தெரியும் என்று சொல்கிறவன்தான் வீட்டைக் கொளுத்துவான். அப்போது அதை நான் சொன்னேன், இப்போது நீ சொல்கிறாய்.

இனி குங்குமத்துக்கு வருகிறேன். நான் மெஷினுக்குள் எதையும் போட்டதில்லை. பொடி உதிரும், சந்தனம் ஈரம், இரண்டும் சர்க்யூட்டுக்கு ஆகாது என்பது எனக்கு நீ பிறப்பதற்கு முன்பே தெரியும். அதனால் ஷிப்யார்டிலேயே ஒரு வழி வைத்திருந்தேன். அங்கே ஸ்விட்ச் போர்டுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று நம் ஆட்கள் கேட்பார்கள், சூப்பர்வைசர் கத்துவார். இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற வழி அது. ஒரு துண்டு டேப்பில் முதல் நாளே சந்தனமும் குங்குமமும் வைத்து, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் இன்னொரு டேப்பை ஒட்டிவிடுவேன். மறுநாள் அதைப் பெட்டியின் வெளிப்பக்கம், பின்னால் ஒட்டுவேன். ஒரு துகள்கூட உதிராது. எரிந்த கம்ப்யூட்டரின் முதுகில் அந்தப் பொட்டு டேப்புக்குள் அப்படியே இருக்கிறது. நீ மேடம் லிம்மிடம் பேசிக்கொண்டிருந்தபோது அதன் பக்கத்தில்தான் கை வைத்திருந்தாய். திரும்பிப் பார்க்கவில்லை.

வயரை நீ எப்போது கழற்றினாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எல்லாச் சாமானையும் துடைத்து, மெஷினின் உள்ளே இருக்கும் வயர்களை வாரிக் கட்டிக்கொண்டிருந்தோம். மீனா கடையின் இணையப் பக்கத்தில் போட ஃபோட்டோ எடுத்தாள். "எல்லாம் அழகா இருக்குங்க, அந்த ஒரு வயர் மட்டும் குறுக்க வருது" என்றாள். அவள்மேல் தப்பில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். "ஃபோட்டோவுக்கு மட்டும் கழட்டிக்கலாம்" என்று நீ கழற்றினாய். பிறகு செருகவில்லை. மறந்தாயா, வேண்டாம் என்று விட்டாயா, அது உனக்குத்தான் தெரியும்.

மறுநாள் பூஜை. மெஷினுக்கு மாலை போட்டு, திருப்புளி, குறடு, மீட்டர் எல்லாவற்றையும் வாழையிலையில் வைத்திருந்தோம். உன் மாமனார் குடும்பத்தோடு வந்திருந்தார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் போனேன். குனிந்தபோது பார்த்தேன். அடியில் ஆறு துளையும் காலியாக இருந்தன. நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ அதற்குள், "அப்பா, கண்ணாடில கைரேகை படும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாய். உன் மாமனார், "விடுங்க மாப்ள, பெரியவரு ஆசையா வெக்கிறாரு" என்று எனக்குச் சிபாரிசு செய்தார். என் கடையில், என் மகனிடம், எனக்கு ஒருவர் சிபாரிசு. டேப்பை ஒட்டிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

அருள், இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆனது. வயர் இல்லை என்று நான் பார்த்தேன். சொல்லவில்லை. பூஜைக்கு வைத்த கருவியை அன்றைக்குத் தொடக் கூடாது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கருவியைத் தொடக் கூடாதுதான். வாயைத் திறக்கக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. அந்த வயரைச் செருகத் திருப்புளிகூட வேண்டாம், இரண்டு விரல் போதும். மறுநாள் லாரி எட்டு மணிக்கு வரும் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்பதரைக்குக் கடைக்குப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன். எரியும் என்று நினைக்கவில்லை. மெஷின் அடிக்கடி நிற்கிறது என்று மேடம் லிம் கூப்பிடுவார், நீ திகைப்பாய், கடைசியில் என்னிடம் வந்து கேட்பாய் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லலாம் என்று இரண்டு வாரத்துக்கு மேல் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் என்னைச் செருப்பு மாட்டவிடாமல் கிளமெண்டிக்குத் துரத்தியிருப்பாள்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது அது எரிந்தது. மேடம் லிம்மிடம் வேலை பார்க்கும் ஒருவர் வாடை வந்ததும் சுவிட்சை அணைத்ததால் வேறெதுவும் பற்றவில்லை. அவர் அப்போது காப்பி குடிக்கப் போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நாம் இரண்டு பேரும் வேறு யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்போம்.

நீ எரிந்த போர்டைக் கடைக்குக் கொண்டுவந்து குப்பைப் பெட்டியில் போட்டாய். நான் எடுத்துவைத்திருந்தேன், பெரிய செருகியோடு. வெள்ளிக்கிழமை அதை உன் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன், இந்நேரம் பார்த்திருப்பாய். இருபத்துநான்கு துளையில் இருபத்திரண்டு புதிதுபோல் இருக்கின்றன. இரண்டு மட்டும் கருகி, பிளாஸ்டிக் உருகி வழிந்திருக்கிறது. அந்த இரண்டும் மஞ்சள் வயர் வரும் துளைகள். பெட்டியின் முதுகில் இருந்த குங்குமம், இருபத்திரண்டு பின்னைத் தாண்டி, சரியாக அந்த இரண்டு மஞ்சளைத் தேடிப்பிடித்து உட்கார்ந்ததா? பூஜையன்று மீனா இதே குழுவில் போட்ட ஃபோட்டோவைப் பெரிதாக்கிப் பார். மாலைக்குக் கீழே, வலது ஓரத்தில், காலியாக இருக்கும் ஆறு துளையும் தெளிவாகத் தெரிகின்றன.

அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாய் என்று உன் அம்மா உனக்காகப் பேசுகிறாள். இருக்கலாம். வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே கேட்கும்போது, பக்கத்தில் பதில் பேசாத ஒருவன் நின்றால் பழியை அவன்மேல் இறக்கிவைப்பது சுலபம். ஷிப்யார்டில் என்மேல் பல பேர் இறக்கியிருக்கிறார்கள். அது தப்பு என்பதைவிட, அதில் இருக்கிற நஷ்டம் வேறு. பழியை ஒரு ஆள்மேல் போட்ட பிறகு யாரும் பெட்டியைத் திறந்து பார்க்க மாட்டார்கள். நீயும் பார்க்கவில்லை. குங்குமத்தை நிறுத்திவிட்டு, வயர் இல்லாமல் இன்னும் ஆறு செய்துவைத்திருக்கிறாய். போன வாரம் நான் வாயெடுத்தபோதும், "டெஸ்ட் போட்டாச்சுப்பா, டென்ஷன் ஆகாதீங்க" என்றுதான் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

நீ: ஞாயிற்றுக்கிழமை ஆறு கம்ப்யூட்டரையும் திறந்து, ஆறிலும் அந்த வயரைச் செருக வேண்டும். பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் தனி வயராக இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்குக்குப் போகும் மெல்லிய வயரில் அடாப்டர் மாட்டி ஒப்பேற்றக் கூடாது, அது இதைவிடச் சீக்கிரம் எரியும். பிறகு நான்கு கார்டையும் முழு வேகத்தில் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, பெரிய செருகியின் மேல் விரலை வைத்துப் பார். வைத்த விரலை எடுக்கத் தோன்றினால் அந்த மெஷின் கடையை விட்டுப் போகக் கூடாது.

மீனா: ஆறு பெட்டியின் உள்பக்கத்திலும் இந்த வயரைக் கழற்றக் கூடாது என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் அச்சடித்து ஒட்ட வேண்டும். கடையின் இணையப் பக்கத்தில் இருக்கும் ஃபோட்டோக்களை எடுத்துவிட்டு, வயர் குறுக்கே தெரிகிற மாதிரி வேறு எடுத்துப் போடம்மா. அதைப் பார்த்து வேறு யாராவது கழற்றிவிடப் போகிறார்கள்.

கட்டைவிரல் காட்டியவர்கள்: அதை எடுக்க வேண்டும்.

உன் அம்மா: ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறாள், அதுவே அதிகம்.

மேடம் லிம்: உண்மையான காரணத்தைக் கேட்ட பிறகு, ஆறையும் எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் வாதாடக் கூடாது.

மறுபடியும் நீ: திங்கட்கிழமை லாரி கிளம்புவதற்கு முன் கிளமெண்டிக்குப் போய், வயரைக் கழற்றியது நீ என்று அவரிடம் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம், நேரில். ஆங்கிலத்திலேயே சொல்.

நான்: உன்னோடு வந்து, நீ சொல்லி முடித்ததும், வயர் இல்லாததைப் பார்த்தும் இரண்டு வாரத்துக்கு மேல் வாய்மூடி இருந்தது நான் என்று அவரிடம் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்குப் புளோக்குக்குக் கீழே நிற்பேன். நீ காரை எடுத்துக்கொண்டு வந்தால் சேர்ந்து போவோம். வராவிட்டால் நான் ரயிலில் போய், உன்னுடையதையும் என்னுடையதையும் சேர்த்து நானே சொல்வேன்.

அப்பா